கொழும்பில் இரண்டு நாள்

கொக்குவிலிலிருந்து கொழும்புக்குப் போகாத குடும்பம் எமது ஊரில் அரிது. கொழும்பைப் பார்த்த குடும்பமோ அதனினும் அரிது. கடவுச்சீட்டு, தூதரகம், நேர்முகப் பரீட்சை, வைத்தியம், விமான நிலையம் ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்று நம்மை அங்கே அழைக்கின்றது. மாலையில் பஸ் ஏறி, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, உறவினர் வீட்டில் முகம் கழுவி, வந்த கருமத்தை முடித்து, அன்றிரவே திரும்பிவிடுகின்றோம். ஊர் வந்தவரிடம் கொழும்பு எப்படி என்று கேட்டால், "ஒரே சனமும் வெக்கையும்" என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரல்லர். கொக்குவிலிலும் அயலூர்களிலும் சுற்றப்பட்ட சுருட்டு தென்னிலங்கைச் சிற்றூர்கள் வரை சென்றது. சுருட்டோடு சென்ற நம்மவர் அங்கே கடை வைத்தனர், சிங்களம் பேசினர், ஊராரோடு கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்தனர். பின்னர் ஆங்கிலம் கற்றோர் எழுதுவினைஞராகிக் கொழும்பில் தங்கி மாதந்தோறும் வீட்டுக்கு மணியோடர் அனுப்பினர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஏறக்குறைய 400 கிலோமீற்றர்த் தூரம் ஒரு பகற்பொழுதின் பயணமாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தவற்றை இத்தலைமுறைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1983 ஆடி மாதத்து வன்செயலில் கொழும்புத் தமிழர் உயிரும் உடைமையும் இழந்தனர். 1990இல் புகையிரதம் நின்றது. 2007 ஜூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கொழும்பில் கருமம் முடிந்தால் உடனே திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் கொக்குவிலைக் கடந்து காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. தண்டவாளம் வந்துவிட்டது, கொழும்பில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் மனம் இன்னும் வரவில்லை.

இதனால் மிகவும் நட்டமடைபவர் மாணவரே. ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் கொழும்பு, மொறட்டுவை, ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். அறை, விரிவுரை மண்டபம், இரவு பஸ் என்னும் மூன்றுக்குள் நான்காண்டுகளைக் கழித்து, போனபடியே அந்நியராய்த் திரும்புவோர் பலர். ஒரு நகரத்தில் நடந்தும், அங்குள்ளார் உண்பதை உண்டுமே அதனை அறியலாம். அறிந்தபின்னரே அதில் நமக்குரிய பங்கைக் கேட்டுப் பெறலாம். ஆகவே, ஆசிரியன் ஒருவனின் வருவாய்க்குள் அடங்கும் இரண்டு நாட் பயணமொன்றை ஈண்டு எழுதுகின்றேன். நான் சைவ உணவினன். புலாலுணவு பற்றி இங்கே வருவன, உண்டு தேர்ந்த நண்பர் சொற்படி எழுதியவை என்று கொள்க.

முதல் நாள் காலை: புறக்கோட்டை

கோட்டைப் புகையிரத நிலையத்தின் எதிரே விரிவது புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே உள்ளதாகையால் அப்பெயர். சிங்களவர் வழங்கும் 'பிட்டகொட்டுவ' என்ற பெயருக்கும் பொருள் அதுவே. ஆங்கிலேயர் இட்ட 'பெற்றா' என்ற பெயரோ நமது 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மூன்று மொழிப் பெயர்களில் இரண்டு ஒரே பொருளுடையன. மூன்றாவது தமிழ்ச் சொல்லின் வழிவந்தது. நகர் பற்றிய முதற் பாடம் பெயர்ப்பலகையிலேயே கிடைத்துவிடுகின்றது.

காலை எட்டு மணிக்கு முன்னரே அங்கே செல்லுங்கள். வெயில் ஏறுமுன் நடக்கலாம். கடைகள் திறக்கும் அழகையும் காணலாம். ஒவ்வொரு குறுக்குத் தெருவுக்கும் ஒவ்வொரு சரக்கு உண்டு. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, சீனி ஆகியன மூட்டை மூட்டையாக வந்திறங்கும். நாட்டாமைமார் தள்ளுவண்டியோடு வரும்போது வழிவிட்டு நிற்பது நலம். நம் குடாநாட்டுத் தோட்டக்காரனின் வெங்காயத்துக்கு விலை எவ்வாறு தீர்மானமாகின்றது என்பதைப் பொருளியல் மாணவர் இத்தெருவில் அரை மணி நேரம் நின்றால் அறிவர்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் செந்நிறமும் வெண்ணிறமும் பட்டை பட்டையாகத் தீட்டிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. இந்திய முஸ்லிம் வணிகரின் முயற்சியால் 1909இல் எழுந்தது அது. ஆடை முதலிய ஒழுக்கங்களைப் பேணிச் சென்றால் பிறரையும் அன்போடு உள்ளே அனுமதிப்பர்; தொழுகை வேளையைத் தவிர்த்துச் செல்க.

பசித்தால் அருகிலுள்ள சைவக் கடையொன்றில் நுழையுங்கள். 'சைவர் கடை' என்ற சொல்லைச் சிங்களவரும் அப்படியே வழங்குகின்றனர். தோசையை 'தோசே' என்றும், வடையை 'வடே' என்றும், அப்பத்தை 'ஆப்ப' என்றும், இடியப்பத்தை 'இந்தியாப்ப' என்றும் அவர்கள் கேட்பதை அடுத்த மேசையில் இருந்து நீங்கள் செவிமடுக்கலாம். நாம் மட்டும் கொடுத்தவர்களல்லேம். காலையில் நாம் உண்ணும் பாண் போர்த்துக்கேயர் தந்த பெயர். அதனுடன் சேரும் சம்பல் மலாயர் தந்த சொல். இலங்கையரின் காலைச் சாப்பாட்டில் எத்தனை நாட்டார் கைவைத்திருக்கின்றனர் என்று பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். உணவு வரும்வரை அவர்களுக்கும் பொழுது போகும்.

வைகாசி முதல் ஆடி வரையான காலத்தில் புறக்கோட்டை நடைபாதைகளில் றம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும். தென்மேற்கின் ஈர மண்ணில் விளையும் பழங்கள் இவை. நமது செம்மண்ணுக்கு உரியனவல்ல. விலையை இரண்டு கடைகளில் கேட்டு மூன்றாவதில் வாங்குக.

முதல் நாள் நண்பகல்: செட்டியார் தெருவும் கொச்சிக்கடையும்

புறக்கோட்டையிலிருந்து நடந்தே செட்டியார் தெருவை அடையலாம். இருமருங்கும் நகைக்கடைகள். பொன் வாங்கும் எண்ணமில்லாதாரும் அங்கே காணத்தக்கவை கதிரேசன் கோயில்கள். ஆண்டுதோறும் நடைபெறும் ஆடிவேல் விழாவில் வேலவன் தேர் இத்தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கிப் புறப்படும். அவ்விழாக் காலத்தில் கொழும்பு செல்ல வாய்ப்பவர் தேரைக் காணாது திரும்பலாகாது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் இருக்கின்றது. பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த ஆலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிக் கட்டினார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் இரைச்சல். உள்ளே புகுந்தால் கல்லின் குளிர்ச்சி. தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களைக் காணாத பிள்ளைக்கு, கற்றூண் மண்டபம் என்றால் யாது என்பதை இவ்வாலயம் காட்டும். இதே இராமநாதன்தான் 1913இல் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியையும், 1921இல் நமது அயலூரான திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவியவர். பிந்தியது நின்ற வளவில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. நாள்தோறும் கொக்குவிலிலிருந்து துவிச்சக்கரவண்டியில் அவ்வளவுக்குள் செல்லும் மாணவன், அதனை நிறுவியவர் கொழும்பில் எழுப்பிய கோயிலையும் ஒருமுறை காணக் கடமைப்பட்டவன்.

அதே கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் தேவாலயமும் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் கிறித்தவரோடு இந்துக்களும் பௌத்தரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவர். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்துப் பலர் மாண்ட இடம் அதுவே. உள்ளே சென்று சில நிமிடம் அமைதியாக நின்று வாருங்கள். துயரம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிள்ளைகள் வகுப்பறையில் கேட்பதைவிட அங்கே நன்கு உணர்வர்.

முதல் நாள் மாலை: காலிமுகத்திடல்

வெயில் தணிந்ததும் காலிமுகத்திடலுக்கு வாருங்கள். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859இல் முற்றுப்பெற்ற கடற்கரை நடைபாதை இது. கொழும்பின் பெண்களுக்கும் சிறுவருக்கும் பயன்படுமாறு இதனைப் பேணும்படி பின்வரும் தேசாதிபதிகளை வேண்டும் கல்வெட்டொன்றும் அங்கே நாட்டப்பட்டது. அவ்வேண்டுகோள் வீண்போகவில்லை, மாலைதோறும் சிறுவர் பட்டம் விட, தாய்மார் கடற்காற்று வாங்குகின்றனர். பணம் கொடாமல் இன்பமடையத்தக்க இடங்களுள் கொழும்பில் இதற்கு இணையானது வேறில்லை.

இங்கே இறால் வடை பெயர்பெற்றது. பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரிப்பர். நறுக்கிய வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் மேலே இடுவர். சைவருக்குக் கடலையும் தனி வடையும் உண்டு. ஒரே எண்ணெயில் இரண்டும் பொரிபடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. கண்முன்னே பொரித்து எடுப்பதையே வாங்குக. அடுக்கி வைத்திருப்பதை வேண்டாம் என்க.

இத்திடலை வேறொரு காரணத்துக்காகவும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1956 ஜூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்துத் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கே அறப்போராட்டம் இருந்தனர். கூட்டத்தவர் அவர்களைத் தாக்கினர். அந்நாட் பாராளுமன்றக் கட்டடம் இத்திடலின் ஓரத்திலேயே இருக்கின்றது. 66 ஆண்டுகள் கழிந்தபின், 2022 ஏப்பிரலில், பொருளாதார நெருக்கடியால் வெகுண்டெழுந்த இளைஞர் இதே திடலிற் கூடாரமிட்டனர். அவ்வாண்டு மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டோரை அங்கே நினைவுகூர்ந்தனர், கஞ்சி வார்த்தனர், சிங்கள இளைஞரும் அதனை வாங்கிப் பருகினர். ஒரு குவளைக் கஞ்சி வழக்கைத் தீர்த்துவிடாது. ஆயினும் 1956இல் அடிபட்ட புல்வெளியில் அது பகிரப்பட்டது என்பது வரலாறு. வடை தின்று திரும்பும் பிள்ளை இவ்விரு ஆண்டுகளையும் அறிந்து திரும்பட்டும்.

இரவு உணவுக்குக் கொத்துரொட்டி. தட்டையான இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் தாளமிடும் ஓசையைக் கேட்டே கடையைக் கண்டுபிடிக்கலாம். சொல்லும் தமிழ், சிங்களவரும் அதனைக் 'கொத்து' என்றே அழைப்பர். மரக்கறிக் கொத்து வேண்டுவோர் முட்டை சேர்க்க வேண்டாமென்று முன்னதாகவே சொல்லிவிடுக.

இரண்டாம் நாள் காலை: நூதனசாலை

கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பெற்றது. கண்டி அரசரின் சிம்மாசனம் இங்கே உண்டு. 1693இல் ஒல்லாந்தர் பரிசாக அளித்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, 1934இல் மீண்டது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகளையும் காண்க. ஆடவல்லான் திருமேனியின் முன் அவசரமின்றி நில்லுங்கள்.

யாவற்றிலும் மேலாக நான் பரிந்துரைப்பது ஒரு கல்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய வழிபாட்டுக்கும் காணிக்கை கூறுகின்றன. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, நறுமணப் பொருள் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். கல் தேய்ந்திருந்தமையால் எழுத்து எளிதிற் புலப்படவில்லை. மாணவி ஒருத்தி நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், காலிக்கு வந்த சீனன் ஏன் தமிழில எழுதினவன்?" என்று கேட்டாள். "படிக்க ஆட்கள் இருந்தபடியால்தான்" என்றேன். அவள் மறுமொழி கூறாது, தெரிந்த எழுத்துகளைக் கொப்பியில் வரையத் தொடங்கினாள். மற்றவர்கள் வெளியே சென்று ஐஸ்கிறீம் வாங்கியபோதும் அவள் வரவில்லை. தென்கோடித் துறைமுகத்துக்குக் காணிக்கை அனுப்பிய பேரரசன், அங்கே வழங்கும் வணிக மொழிகளுள் ஒன்றாகத் தமிழை எண்ணியிருக்கின்றான். கொழும்பில் தமிழ் பேசக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் நம் இளைஞர் இக்கல்லைப் பார்த்துவிட்டு வரட்டும்.

நண்பகலில் புதியதொரு சுவையை நாடுவோருக்கு ஒரு குறிப்பு. றீட் அவெனியூவில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 முதல் இயங்குகின்றது. அதன் சிற்றுண்டிச்சாலை 'லம்பிறைஸ்' என்னும் உணவுக்குப் பேர்போனது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோற்றைக் கறி, கத்தரிக்காய் மோஜு, சம்பல் முதலியவற்றோடு வாழையிலையிற் பொதிந்து சூளையில் வாட்டுவது அது. நம் கட்டுச்சோற்றுக்கு ஒல்லாந்து வழி உறவினன் என்னலாம். முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் வட்டிலப்பமும் சுவைக்கத்தக்கது. தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றோடு முட்டையும் சேர்வதால் சைவர் விலகிக்கொள்க. சிங்கள வீட்டில் விருந்தாக வாய்ப்பின் பாற்சோறும் பொலொஸ் கறியும் கேட்டு உண்ணுங்கள். அவர்கள் 'கிரிபத்' என்பதும் சொல்லுக்குச் சொல் 'பாற்சோறு' என்பதே. பொலொஸ் என்பது பலாப்பிஞ்சுக் கறி; மெதுவாக நெடுநேரம் வேகவைத்தது.

இரண்டாம் நாள் மாலை: கடலோரப் புகையிரதமும் வெள்ளவத்தையும்

கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதத்தில் வலப்பக்க யன்னலருகே அமருங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று நிலையங்கள் வரும். பாதி வழிக்கு மேல் கடலலை தண்டவாளத்தின் அருகே வந்து மோதும். அலுவலகம் விடும் வேளையில் இடம் கிடையாது. மூன்று மணியளவில் ஏறுதல் நன்று. பஸ்ஸை விரும்புவோர் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களில் ஏறலாம்.

வெள்ளவத்தையில் நமது ஊர் பிட்டும் இடியப்பமும் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் மாணவருக்கு என் அறிவுரை இது: எல்லா வேளையும் அங்கேயே உண்ணாதீர்கள். அம்மா அவித்த பிட்டு வீட்டில் உண்டு. அதைத் தேடி 400 கிலோமீற்றர் வரவேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வேளையாவது அறியாத உணவொன்றை உண்ணுங்கள். வெள்ளவத்தையில் தவறாது செல்லவேண்டிய இடம் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம். அதன் நூலகத்தில் ஒரு மாலை அமர்ந்தால், தலைநகரில் தமிழ் எவ்வாறு நிலைபெற்று நிற்கின்றது என்பது விளங்கும்.

சில குறிப்புகள்

அடையாள அட்டை எப்போதும் கையிலிருக்கட்டும். கடையில் அமருமுன் விலைப்பட்டியலைப் பாருங்கள். 2022க்குப் பின் பழைய விலைகளை நம்பிச் செல்வதில் பயனில்லை. உள்ளூர்த் தொழிலாளர் நிறைந்த கடையே பெரும்பாலும் நல்ல கடை. சாப்பாடு பழசாகிக் கிடக்க அங்கே இடமில்லை. 'சோட் ஈற்ஸ்' என்று தட்டு நிறையப் பலகாரம் வைப்பின் அஞ்சற்க. உண்டவற்றுக்கு மட்டுமே கணக்கு. நூதனசாலை திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டறிக. 'கீயத' என்றால் 'எவ்வளவு'. 'ஸ்துதி' என்றால் 'நன்றி'. இவ்விரு சிங்களச் சொற்களையும் புன்னகையோடு சொன்னால், எதிரில் நிற்பவர் தமக்குத் தெரிந்த தமிழை எடுப்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போது, "முடிச்ச உடனே வெளிக்கிடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். உற்றார் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பார்த்து வரச் சொல்லுங்கள். வழியில் எச்சரிக்கை வேண்டியதே. ஆயின் எச்சரிக்கையை மட்டும் சீதனமாகக் கொடுத்தால், நாளை அப்பிள்ளை அந்நகரில் உத்தியோகம் பார்த்தும் விருந்தாளியாகவே வாழ்வான்.

தங்கவைக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு செல்லலாகாது. காலமாயின் நம் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நான்கு கொண்டு செல்லுங்கள். யாழ்ப்பாணத்தின் தலைசிறந்த மாம்பழம் கொழும்பின் பெயரைத் தாங்கி நிற்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். திரும்பும்போது புறக்கோட்டையில் மங்குஸ்தான் வாங்கி வாருங்கள். அதன் சாறு துணியிற் பட்டால் கறை போகாது. ஆகவே தனிப் பையில் இடுக.